192-ஆம் சாலையின் அறைக் கணக்கு

1951-இல் மெம்ஃபிஸ் நகரத்தில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்த கெம்மன்ஸ் வில்சன், மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டன் பார்க்கப் போனார். வழியோர மோட்டல்களில் அறைக்கு 6 டாலர் என்பார்கள். பிள்ளைகளைக் கண்டதும் தலைக்கு 2 டாலர் சேர்ப்பார்கள். பெற்றோர் அறையிலேயே படுத்துத் தூங்கப்போகிற குழந்தைகளுக்கு 10 டாலர், அறைக்கு 6 டாலர். இது அநியாயம் என்று அவருக்குப் பட்டது. மறு ஆண்டே மெம்ஃபிஸின் சம்மர் அவென்யூ சாலையில் ஹாலிடே இன் என்ற பெயரில் தம் முதல் விடுதியைத் திறந்தார். பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இருபது ஆண்டுகளில் அந்தப் பெயர்ப்பலகை தெரியாத அமெரிக்க நெடுஞ்சாலையே இல்லை என்றாயிற்று.

அதே வில்சன் 1979-இல் ஹாலிடே இன் நிர்வாகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1982-இல் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமி ஊருக்கு மேற்கே, 192-ஆம் நெடுஞ்சாலையோரம் ஆரஞ்ச் லேக் என்ற விடுமுறைக் குடியிருப்பைக் கட்டினார். இந்த முறை அவர் அறையை இரவுக்கு வாடகைக்கு விடவில்லை, டைம்ஷேர் என்ற முறையில் வாரக்கணக்கில் பிரித்து விற்றார். கொஞ்சம் கிழக்கே போனால் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் வாசல்.

கிஸ்ஸிமியின் மோட்டல்களுக்கும், டைம்ஷேர் வளாகங்களின் உரிமையாளர் சங்கங்களுக்கும் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். வில்சனின் வாழ்க்கையில் இந்த இரண்டு தொழிலும் அடுத்தடுத்து வருவதை வெறும் தற்செயலாக என்னால் பார்க்க முடியவில்லை. நடுத்தரக் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு தீம் பார்க் பக்கத்தில் கட்டுபடியாகும் செலவில் எப்படித் தங்குவது என்ற ஒரே கேள்விக்கு, இந்தச் சாலை எழுபதுகளிலிருந்து வெவ்வேறு பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறது. டைம்ஷேர் அவற்றுள் மிகவும் ஆசை காட்டிய பதில். அதிகம் பேரை ஏமாற்றியதும் அதுதான்.

வால்ட் டிஸ்னி 1955-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது அவர் கையில் இருந்தது 160 ஏக்கர். பூங்காவின் மதிலைத் தாண்டியதுமே மற்றவர்களின் மோட்டல்கள் நெருக்கியடித்து எழுந்தன. அறை வாடகை எல்லாம் அவர்களுக்குப் போயிற்று. அந்த வருத்தத்தோடுதான் ஃப்ளோரிடாவில் நிலம் தேடினார். 1964, 65-இல் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில், யாருக்கும் தெரியாமல், 27,000 ஏக்கருக்கு மேல் சதுப்பும் புதருமாக வாங்கினார்கள். சராசரி விலை ஏக்கருக்கு 200 டாலருக்கும் கீழே. 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்துபோனார். 1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தபோது உள்ளே இருந்தவை இரண்டு ஓட்டல்கள். அடுத்த மாதம் ஃபோர்ட் வில்டர்னஸ் என்ற முகாம் திடல் சேர்ந்தது. கூடாரம் அடித்துத் தங்க முடிந்தவனுக்கு மட்டும் மலிவாக இடம் கிடைத்தது.

இவ்வளவு நிலம் வாங்கியும், வந்த கூட்டத்துக்கு உள்ளே அறை போதவில்லை. மிச்சப் பேர் 192-ஆம் சாலைக்கு வந்தார்கள். மாட்டுப் பண்ணையும் ஆரஞ்சுத் தோப்புமாகக் கிடந்த பூமியில் மைல் கணக்கில் மோட்டல்கள் முளைத்தன. நான் கணக்கு எழுதிய மோட்டல்களில் பெரும்பாலானவை பின்னாளில் குஜராத்திக் குடும்பங்கள் வாங்கியவை. அப்பா வரவேற்பு மேசையில், அம்மா துணி துவைக்கும் அறையில், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் அறை துடைப்பார்கள்.

மோட்டல்களோடு வேறொன்றும் முளைத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஃப்ளோரிடா முழுவதும் விடுமுறை அடுக்கு வீடுகளை வேகவேகமாகக் கட்டினார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியது, பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது, வட்டியும் ஏறியது. கட்டி முடித்த வீடுகள் விற்காமல் கிடந்தன. வங்கிக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டுமானக்காரர்கள் அப்போதுதான் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தின் பக்கம் திரும்பினார்கள்.

சுவிட்சர்லாந்தில் 1963-இல் ஹாபிமாக் என்ற நிறுவனம் தொடங்கியது. அதில் பங்கு வாங்கியவருக்கு ஆண்டுதோறும் இத்தனை புள்ளிகள். அந்தப் புள்ளிகளைச் செலவழித்து நிறுவனத்தின் விடுமுறை வீடுகளில் தங்கலாம். அறுபதுகளிலேயே பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சூப்பர் தெவொலுயி என்ற பனிச்சறுக்கு விடுதி, அறைகளை வாரவாரமாகப் பிரித்து விற்றது. திண்டுக்கல் மாவட்டத்துக்காரனான எனக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இருக்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொது. யாருக்கு எந்தக் கிழமை மோட்டார் ஓடும் என்று தாத்தா காலத்திலேயே முறை வைத்துவிட்டார்கள். தனித்தனியாக நான்கு கிணறு வெட்ட யாரிடமும் காசில்லை. ஒருவரே நாள் முழுதும் இறைத்தால் கிணறும் தாங்காது. முறை வைத்துக்கொள்வது ஏழைகளுக்கும் நடுத்தரத்தாருக்கும் உகந்த ஏற்பாடு என்பதை நான் இன்றும் முழு மனதோடு நம்புகிறேன். டைம்ஷேர் என்ற எண்ணத்தில் குற்றமில்லை.

குற்றம் விலையில் நுழைந்தது. கணக்கு எளிது. 60,000 டாலருக்கு விற்காத வீடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் 52 வாரத்தில் இரண்டைப் பழுதுபார்க்க ஒதுக்கிவிட்டு, மீதி ஐம்பதை வாரம் 3,000 டாலருக்கு விற்றால் 1,50,000 டாலர் வரும். வாங்கும் குடும்பத்துக்கோ 3,000 டாலர் என்பது எட்டக்கூடிய தொகை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஓர் ஆளைப் பிடிப்பதற்குப் பதில் ஐம்பது பேரைப் பிடிக்க வேண்டும். ஐம்பது குடும்பங்களைக் கூட்டிவந்து, உட்காரவைத்து, பேசி, கையெழுத்து வாங்கும் செலவு அந்த 1,50,000-க்குள்ளேயே இருக்கிறது. விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில சமயம் பாதி வரை, விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். வாங்கியவர் மறுநாள் விற்கப் போனால் அந்தப் பாதியை யாரும் தரமாட்டார்கள், ஏனென்றால் அது அறையில் இல்லை.

1981-இல் ஃப்ளோரிடா மாநிலம் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் போட்டது. அதற்குள் புகார்கள் குவிந்திருந்தன. மறு ஆண்டு வில்சன் ஆரஞ்ச் லேக்கைத் தொடங்கினார். அதே 1982-இல் டேவிட் சீகல் என்பவர் 192-ஆம் சாலைப் பக்கம் வெஸ்ட்கேட் என்ற பெயரில் வெறும் 16 வீடுகளோடு ஆரம்பித்தார். அது வளர்ந்து நாட்டின் பெரிய டைம்ஷேர் நிறுவனங்களில் ஒன்றாயிற்று.

தீம் பார்க் குடும்பத்துக்கு வாரக்கணக்கு ஏன் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பத்திரங்களில் குறிப்பிட்ட வீடு, குறிப்பிட்ட வாரம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பயன்படக்கூடியவை கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை விடுமுறை என்று ஒரு கைப்பிடி வாரங்கள்தாம். அவற்றின் விலை அதிகம். செப்டம்பர் வாரம் மலிவு. ஃப்ளோரிடாவில் செப்டம்பர் என்றால் வேர்த்து ஊற்றும், பிற்பகலில் இடி மழை, நடுவில் புயல் எச்சரிக்கை, எல்லாவற்றுக்கும் மேல் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். சிக்கனம் பார்த்து வாங்கிய குடும்பத்துக்குத் தன்னால் போகவே முடியாத வாரம்தான் கிடைத்தது. இதற்கு மருந்தாக 1974-இல் இண்டியானாபொலிஸில் ஜான் டெஹான், கிறிஸ்டெல் டெஹான் தம்பதி ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உன் வாரத்தை அங்கே போட்டுவிட்டு வேறொருவர் போட்ட வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் எல்லோரும் ஒதுக்கிவிட்டுப் போன செப்டம்பரைப் போட்டு யாரும் விடாத டிசம்பரை எடுக்க முடியாது.

விற்பனை நடந்த விதத்துக்கு வருகிறேன். 192-ஆம் சாலையில் இன்றும் பாதி விலையில் பார்க் டிக்கெட் என்று பலகை வைத்த கடைகள் உண்டு. டிக்கெட் வேண்டுமென்றால் காலைச் சிற்றுண்டியோடு 90 நிமிடம் ஒரு விளக்கக் கூட்டத்தில் உட்கார வேண்டும். நியூ ஜெர்சியில் இருந்து என் அக்கா குடும்பம் வந்திருந்தபோது மாமாவும் போய் உட்கார்ந்தார். 90 நிமிடம் பிற்பகல் வரை நீண்டது. திரும்பி வந்தவர் கையில் கனமான கோப்பு.

"மாப்பிள்ளை, வருஷா வருஷம் ஓட்டலுக்குக் குடுக்கற காசுதானே, சொந்தமா ஆகிருமில்ல?" என்றார்.

"வட்டி எவ்வளவுன்னு கேட்டீங்களா மாமா?"

கேட்கவில்லை. பத்திரத்தைப் புரட்டினோம். இரட்டை இலக்க வட்டி. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் மெயின்டனன்ஸ் ஃபீஸ். அது ஆண்டுதோறும் கட்ட வேண்டியது, ஏறக்கூடியது, எப்போது முடியும் என்று எழுதப்படாதது. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. பிள்ளைகள் அடுத்த அறையில் மிக்கி தொப்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே ரத்துக் கடிதம் எழுதி, காலையில் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

மெயின்டனன்ஸ் ஃபீஸ் ஏன் ஏறுகிறது என்பது எனக்கு உள்ளிருந்து தெரியும். கூரை, குளிர்சாதனப் பெட்டி, நீச்சல் குளம், மெத்தை, காப்பீடு எல்லாமே உரிமையாளர்கள் தலையில். 2004 ஆகஸ்ட், செப்டம்பரில் சார்லி, ஃபிரான்சிஸ், ஜீன் என்று மூன்று புயல்கள் மத்திய ஃப்ளோரிடாவை மாறி மாறித் தாக்கின. கூரைகள் பறந்தன, காப்பீட்டுப் பிரீமியம் ஏறியது. சங்கங்கள் சிறப்புக் கட்டணம் போட்டன. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கிழத் தம்பதிக்கு இனி பார்க்குக்குப் போகும் வயதும் இல்லை, பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், பில் மட்டும் போகும். கட்டாமல் விடுபவர்களின் பாக்கி, கட்டுபவர்களின் மேல் ஏறும். அந்தப் பேரேட்டை நான் எழுதினேன். விடுபட நினைத்தவர்கள் தங்கள் வாரத்தை இணையத்தில் 1 டாலருக்குப் போட்டார்கள், அதற்கும் ஆள் வரவில்லை.

இந்தப் புயல்களுக்கெல்லாம் முன்பே டிஸ்னி நிறுவனமும் டைம்ஷேரில் இறங்கியிருந்தது. 1984-இல் மைக்கேல் ஐஸ்னர் பொறுப்பேற்றபின் பூங்காவுக்குள் ஓட்டல்கள் வேகமாக எழுந்தன. 1991 டிசம்பரில் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் முதல் வளாகம் திறந்தது. இப்போது அதன் பெயர் ஓல்ட் கீ வெஸ்ட். குறைந்தது 230 புள்ளிகள் வாங்க வேண்டும், புள்ளி 51 டாலர், ஆக 11,730 டாலர். மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் வடிவமைத்தவர்கள் 192-ஆம் சாலையைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பது பத்திரத்தைப் படித்தால் தெரியும். வாரம் இல்லை, சுவிஸ்காரர்களைப் போலப் புள்ளி. இரண்டு இரவு தங்கலாம், பத்து இரவு தங்கலாம். இந்த ஆண்டுப் புள்ளியை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம், அடுத்த ஆண்டுப் புள்ளியை இப்போதே கடன் வாங்கலாம். குழந்தை பிறந்த ஆண்டு போக முடியவில்லை என்றால் புள்ளி வீணாகாது. எல்லாவற்றிலும் முக்கியம், பத்திரத்துக்கு முடிவுத் தேதி உண்டு: 2042 ஜனவரி 31. பேரப்பிள்ளைகளின் மேல் கடன் போய் விழாது.

இன்னொரு விதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு வளாகத்தில் ஆண்டு முழுவதும் எல்லா இரவுகளுக்குமாகச் சேர்த்து எத்தனை புள்ளி என்பது விற்கும்போதே முடிவாகிவிட்டது. நிறுவனம் பின்னால் அதைக் கூட்ட முடியாது. ஓர் இரவுக்கு ஏற்றினால் இன்னோர் இரவுக்கு இறக்க வேண்டும். ரூபாயின் மதிப்பு இறங்குவது போல இந்தப் புள்ளி இறங்காது. உறுப்பினர்கள் தொடக்கத்தில் ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கி, புள்ளி அதிகம் கேட்கும் வெள்ளி, சனி இரவுகளில் கிளம்பிவிடுவார்கள். சிக்கனமானவர்கள் கண்டுபிடித்த நல்ல வழி அது. 2010-ஆம் ஆண்டுப் பட்டியலில் வார இறுதிப் புள்ளிகளை இறக்கி வார நாள்களில் ஏற்றினார்கள். சிக்கனக்காரர்களுக்கு அடிதான், ஆனாலும் மொத்தம் மாறவில்லை. 2020-ஆம் ஆண்டுக்கென்று வெளியிட்ட பட்டியலில், இரண்டு படுக்கை வீட்டைப் பிரித்துத் தரும்போது அதன் பகுதிகளுக்கான புள்ளி கூடியிருப்பதை உறுப்பினர்கள் கணக்குப் போட்டுக் காட்டி எதிர்த்தார்கள். 2019 ஜனவரியில் அந்தப் பட்டியலை நிறுவனம் திரும்பப் பெற்றது. சாதாரணக் குடும்பஸ்தர்கள் பத்திரத்தின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பெரிய நிறுவனத்தைப் பின்வாங்க வைத்த அந்த வாரம், கணக்கனான எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மலிவு அறையும் டைம்ஷேரும் ஏன் சேரவில்லை? 1994-இல் டிஸ்னி ஆல் ஸ்டார் என்ற மலிவு விடுதிகளைத் திறக்கத் தொடங்கியது. 260 சதுர அடி அறை, வளாகத்துக்கு 1,920 அறைகள். 2003-இல் பாப் செஞ்சுரி வந்தது, 2,880 அறைகளோடு. 192-ஆம் சாலை மோட்டல்களின் வாடிக்கையாளரை அவை நேராக இழுத்தன. பல மோட்டல்கள் நொடித்து, வீடில்லாத கூலிக் குடும்பங்கள் வாரவாடகைக்கு ஒதுங்கும் இடங்களாயின. 2017-இல் வந்த 'தி ஃப்ளோரிடா புராஜெக்ட்' படம் அந்த மோட்டல்களில்தான் நடக்கிறது. படத்தில் வரும் குழந்தைகளைப் போன்றவர்களை நான் நேரில் அறிவேன். அறை வாடகைப் பதிவில் அவர்களின் தாய்மார்களின் பெயரை வாரம் தவறாமல் எழுதியிருக்கிறேன்.

டிஸ்னியின் இத்தனை ஆயிரம் மலிவு அறைகளில் ஒன்றுகூட டைம்ஷேராக விற்கப்படவில்லை. காரணம் நான் முன்னே சொன்ன செலவுதான். 5,000 டாலர் பங்கை விற்கவும் 25,000 டாலர் பங்கை விற்கவும் பேசும் நேரம் ஒன்று, சிற்றுண்டி ஒன்று, இலவச டிக்கெட் ஒன்று. சின்னப் பங்கில் அது எல்லாவற்றையும் தின்றுவிடும். சமையலறையும் துவைக்கும் எந்திரமும் இல்லாத சின்ன அறைக்கு ஆண்டுக் கட்டணமும் பாதியாகக் குறைவதில்லை. ஆகவே கம்பெனிகள் மேலே மேலே போயின. வெக்கேஷன் கிளப்பில் நேரடியாக வாங்கினால் இன்று ஒரு புள்ளி 200 டாலருக்கு மேல். 1971-இல் கூடாரக்காரர்களுக்காகத் திறந்த ஃபோர்ட் வில்டர்னஸிலும் மரவீடுகளை மாற்றிக் கட்டி, 2024 ஜூலையில் கிளப்போடு சேர்த்துவிட்டார்கள்.

இந்தக் கதை நம் ஊருக்கும் எட்டியது. ஸ்டெர்லிங் என்ற டைம்ஷேர் நிறுவனம் 1986-இல் சென்னையில்தான் தொடங்கியது. பத்து ஆண்டு கழித்து கிளப் மகிந்திராவும் அங்கே வந்தது. கொடைக்கானலில் ஒரு வாரம் என்று வாங்கிய பழைய வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் எங்கள் உறவிலேயே உண்டு. அவர்களுக்கும் மே மாதம் கிடைப்பதுதான் பெரும்பாடு.

மலிவான தீம் பார்க் டைம்ஷேர் ஒன்றை வரையச் சொன்னால் நான் அறையிலிருந்து தொடங்கமாட்டேன், விற்பனை மேசையை எடுத்துவிடுவதிலிருந்து தொடங்குவேன். கூட்டுறவுச் சங்கமாக, ஏற்கெனவே நிற்கும் மோட்டல் ஒன்றை வாங்கி, பங்குதாரர்களே அடுத்த பங்குதாரரைச் சேர்க்கட்டும். பதினைந்து ஆண்டில் முடிகிற பங்கு போதும், பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிடுவார்கள். பள்ளி விடுமுறை இரவுகளைக் காசுக்கு ஏலம் விடாமல் முறை வைத்துச் சுற்ற வேண்டும். வேண்டாம் என்பவரின் பங்கை எழுதிவைத்த விலைக்குச் சங்கமே திரும்ப எடுக்க வேண்டும், அதற்கு முதல் நாளிலிருந்தே நிதி ஒதுக்க வேண்டும். கட்டண உயர்வுக்கு உச்ச வரம்பு வேண்டும். இவற்றில் எதுவும் புதிதல்ல. ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஊரில் நடந்து பார்த்ததுதான். லாபம் குறைவு என்பதால் பெரிய கம்பெனி எதுவும் இதைச் செய்யாது.

அதுவரை ஆர்லாண்டோவுக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு வருவது உறுதி என்றால் மட்டும், முடிவுத் தேதி உள்ள பங்கை, ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து, கடன் வாங்காமல் வாங்குங்கள். ஒருமுறை வந்து போகிறவர்களுக்கு மலிவு விடுதி அறையே லாபம். பாதி விலை டிக்கெட்டுக்காகக் கூட்டத்தில் உட்கார்ந்து, களைப்பில் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். ஃப்ளோரிடா சட்டப்படி 10 நாள்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எந்தத் தாளில் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது.